பன்னிரண்டு மணிக்கு நின்ற மெசின்

பல தையல் மெசின்கள் ஒன்றாக ஓடுகிற இரைச்சலைவிட, அவற்றில் ஒன்று மட்டும் சட்டென்று நிற்பது காதில் பெரிதாக விழும். மட்டக்களப்பு நகரத்தில் அம்மா வேலை செய்த தையல்கடையில், புதுத்துணியின் கஞ்சி வாசத்துக்கும் மெசின் எண்ணெய் வாசத்துக்கும் நடுவில் இருந்து "காஜா" கட்டிப் பழகிய பள்ளி விடுமுறைகளில் இதை நான் அறிந்தேன். வாவிக்கரைக் கோயிலில் நண்பகல் மணி அடித்ததும் அம்மா மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்து எழும்பி நிற்பார். பெரிதாகச் சிலுவை அடையாளம் போடுவார். மூவேளைச் செபத்தை முணுமுணுக்காமல் பக்கத்து ஆளுக்குக் கேட்கும்படி சொல்லி முடித்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைப்பார்.

அடுத்த மெசினில் இருந்த ஏறாவூர் ஹனிபா நானாவுக்கு அது இடைஞ்சலாக இருக்கவில்லை. அம்மா செபத்தை முடித்ததும் அவர் லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்குக் கிளம்புவார். "அக்காட மெசின் நிண்டா எனக்கு மணிக்கூடு தேவல்ல" என்பார். இடைஞ்சல்பட்டவர் எங்கள் கோயில்காரரான முதலாளி சூசைப்பிள்ளைதான். திருநாளில் மாதா சுரூபத்தை முன்வரிசையில் நின்று தோளில் தூக்குகிற அந்த மனிதர், நாலு சனமும் வந்துபோகிற இடத்தில் எதற்கு வீண் கதை என்று, கடையில் மாதா படத்தை மேசை "லாச்சி"க்குள் பூட்டி வைத்திருந்தார்.

ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கோயில் வேற, கடை வேற, திரேசா. வாற சனம் என்ன நினைக்கும்? நாளையில இருந்து மெசின் நிக்கப்படாது. நிண்டா மறுகா வேலைக்கு வராத."

அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அம்மா தைத்தால்தான் உலை கொதிக்கும். பஸ்ஸில் வீடு திரும்பும்போது, மனதுக்குள் சொன்னால் ஆகாதா என்று கேட்டேன். "மனசுக்குள்ள எப்பயும் சொல்றதுதான் மகள்" என்றார் அம்மா. "ஆனா ஒருத்தர் வெருட்டினதுக்காக எழும்பாம இருந்துகொண்டு சொல்ல மாட்டன்."

மறுநாள் குருக்கள்மடத்திலிருந்து, நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெண், மகளின் கலியாணச் சட்டைகளை எடுத்துப்போக வந்திருந்தார். கடைசிச் சட்டை அம்மாவின் ஊசிக்குக் கீழே இருந்தபோது மணி அடித்தது. முதலாளி அம்மாவைப் பார்த்தார், கடையே அம்மாவைப் பார்த்தது, அம்மா எழும்பி நின்றார்.

"பஸ் போகப் போகுது கா!" என்று அந்தப் பெண் சலித்துக்கொண்டார். முதலாளியின் முகம் கறுத்தது. அம்மா ஒரு சொல்லையும் விழுங்காமல் செபத்தை முடித்து, உட்கார்ந்து, தையலையும் முடித்து, சட்டையை மடித்துக் கொடுத்தார். பிறகு தன் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டார்: "சுரூபம் தூக்கேக்க உங்கள ஊரே பாக்கலாம். நான் மெசினடியில நிண்டா மட்டும் ஒருத்தரும் பாக்கப்படாதா, முதலாளி?"

அவர் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் உச்சி வெயிலில் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது.

சில கிழமைகள் இரவல் மெசினில் அக்கம்பக்கத்துக் கிழிசல்களைத் தைத்துக் கஞ்சி குடித்தோம். பிறகு ஒருநாள் அந்தக் குருக்கள்மடத்துப் பெண் துணிப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "நிண்டு கும்பிட்ட பிள்ளை எங்க எண்டு அந்த நானாட்டக் கேட்டன், அவர்தான் வழி சொன்னார். சட்டை மகளுக்கு அளவெண்டா அளவு. அண்டைக்கு பஸ்ஸும் கிடைச்சிது கா" என்று சிரித்தார். எதைப் பார்த்துச் சனம் ஓடிவிடும் என்று முதலாளி பயந்தாரோ, அதைச் சொல்லித்தான் சனம் அம்மாவைத் தேடி வந்தது. பன்னிரண்டு மணிக்கு வந்தவர்கள் கதிரையில் காத்திருந்தார்கள்.

இன்று அந்தக் கடை இல்லை, அங்கே கைபேசி விற்கிறார்கள். ஹனிபா நானாவும் காலமாகிவிட்டார். கயிறு பிடித்து மணி அடிக்க ஆளில்லாமல், கோயில் மணி ஒலிபெருக்கியில் பதிவாக ஒலிக்கிறது. நான் வேலை செய்கிற அலுவலகத்தின் குளிரூட்டிய அறைக்குள் அதுவும் கேட்பதில்லை என்பதால், கைபேசியில் பன்னிரண்டு மணிக்கு மணி வைத்திருக்கிறேன். அண்மையில் வந்த மேலதிகாரி மிகவும் மரியாதையாக, "இதெல்லாம் தனிப்பட்ட விசயம்தானே மிஸ், வீட்டோட வச்சுக்கொள்ளலாமே" என்றார். தேநீருக்கு எழும்பலாம், கிரிக்கெட் பார்க்க எழும்பலாம், இதற்கு மட்டும் எழும்பக்கூடாதாம். மறுநாள் மணியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

முழங்கால் வலியால் தையலை விட்டுவிட்ட அம்மாவிடம் அன்று பின்னேரம் இதைச் சொன்னேன். வேலை போகுமா என்று அவர் கேட்கவில்லை.

"எழும்பி நிண்டோ, இருந்துகொண்டோ?"

"நிண்டுதான் அம்மா."

"அப்ப சரி. வா, சாப்பிடு."