யாரு கோலு?

“நீ இன்னா தில்லியில பொறந்தவளாடி? அந்த ஆளு கத்தனான்னா அது நம்ப கோலு. வாய மூடிக்கினு களையப் புடுங்கு.”

பாக்கியமேரி இப்படிச் சீறியது 1975 மார்ச் மாதம், மானாம்பதி ஓரத்தில் ஒரு நவரை நெல் வயலில். அவளுக்கு அப்போது பதினாறு வயது. சீறல் வாங்கிய சுகிர்தாவுக்கும் அதே வயது. இரண்டு பேரும் ஒரே காலனி, அடுத்தடுத்த வீடு, ஒரே கூலி.

கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும். மோட்டார் கொட்டகை வாசலில் பெஞ்சமினின் டிரான்சிஸ்டர் இந்தியில் கத்திக்கொண்டிருந்தது. பெஞ்சமின் பண்ணைக்கு மோட்டார் போடுகிறவன். மிஷன் பள்ளியில் படித்தபோது ஹாக்கி ஆடியவன். மடை மாற்றப் போயிருந்ததால் அந்த நேரம் அவன் ரேடியோ பக்கத்தில் இல்லை. வயலில் குனிந்திருந்த எட்டுப் பெண்களுக்கும் இந்தியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் பெஞ்சமின் சொல்லிச் சொல்லி ஆட்டம் தெரியும். வர்ணனைக்காரர் குரல் ஏறினால் பந்து ஓடுகிறது, உச்சிக்குப் போனால் கோல். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

ஒரு பாத்தி முடிந்தால் வரப்பில் ஒரு பிடி களையை வைப்பது அங்கே களை எடுப்பவர்களின் வழக்கம். எத்தனை பாத்தி ஆயிற்று என்று பிறகு சண்டை வராது. அன்றைக்கு பாக்கியமேரி கோலுக்கும் அப்படியே வைத்தாள். குரல் உச்சிக்குப் போனதும் ஒரு பிடிக் கோரையைப் பிடுங்கி வாய்க்கால் பக்கம் வைத்தாள். வாய்க்கால் பக்கம் இந்தியா, பனைமரப் பக்கம் பாகிஸ்தான்.

சுகிர்தாதான் நிமிர்ந்து, அது அவர்கள் கோல் என்றாள். நம் கோல் என்றால் அந்த ஆள் நீளமாகக் கத்துவார், இது குட்டையாகக் கத்திவிட்டு மூச்சை விட்ட சத்தம் என்றாள். அதற்குத்தான் அந்தச் சீறல்.

பெஞ்சமின் மண்வெட்டியோடு வந்தான். ரேடியோவில் காதை வைத்துக் கேட்டான். வரப்புக்குப் போய் பாக்கியமேரி வைத்த பிடியை எடுத்து பனைமரப் பக்கம் வைத்தான்.

“சுகிர்தா சொல்றதுதான் சரி. நம்ப ஒரு கோலு பின்னால கீறோம்” என்றான். போகிற போக்கில், “இந்தப் பொண்ணுக்குக் காது கீது” என்றும் சொன்னான்.

பிறகு இந்தியா இரண்டு கோல் போட்டுக் கோப்பையை வாங்கியது. இரண்டாவது கோல் கம்பத்தின் மூலையில் பட்டுத் திரும்பியது, அது கோலே இல்லை என்று பாகிஸ்தான் தகராறு செய்தது, நடுவர் கொடுத்துவிட்டார். வயலில் எல்லோரும் சேற்றை வாரி இறைத்துக் கூத்தடித்தார்கள். பாக்கியமேரி மட்டும் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் அவள் பெஞ்சமினையே கட்டிக்கொண்டாள். அதனால் அந்தக் ‘காது’ வார்த்தை ஆறிவிடும் என்று நினைத்திருந்தால் அது அவள் தப்பு. கல்யாணமான புதிதில் அவன் தன் பழைய மட்டையை அவள் கையில் கொடுத்தான். அரிவாளையும் இடது கையால் பிடிக்கிறவள், மட்டையையும் மாற்றிப் பிடித்தாள். ஹாக்கியில் இடது கைக்காரனுக்கென்று தனி மட்டை கிடையாது, உலகத்துக்கே ஒரே மாதிரிதான் என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவன் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “சுகிர்தா, யாரு கோலு?” என்று கேட்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ரேடியோ இவர்கள் வீட்டில். பதில் அடுத்த வீட்டில். ஒரு தடவை அவள் சோற்றுப் பானையை டங்கென்று வைத்ததில் பானையே விரிசல் விட்டது.

அதற்குப் பிறகு அவள் ஹாக்கியை வைராக்கியமாகப் பிடித்துக்கொண்டாள். எழுத்து தெரியாது. பெஞ்சமினைப் பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்தாள். எந்த வருஷம், எந்த ஊர், எத்தனைக்கு எத்தனை. ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. எழுபத்தைந்தில் முதல் கோல் நம்முடையது என்று யாரிடமும் சாதிப்பாள். பேப்பரில் பார்த்து அவனே இரண்டு முறை சொல்லிவிட்டான். அவளுக்கும் தெரியும். தெரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பெஞ்சமின் போய் ஆறு வருஷம் ஆகிறது. சுகிர்தாவின் புருஷன் அதற்கு முன்னாலேயே போய்விட்டான். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா வெண்கலத்துக்கு ஜெர்மனியோடு ஆடிய அன்று காலை பாக்கியமேரி தனியாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஐந்துக்கு நான்கு, முடிய ஆறே விநாடி, ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். அவளால் பார்க்க முடியவில்லை. டிவியை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். அடுத்த வீட்டிலிருந்து சுகிர்தா கத்தினாள். நீளமாகக் கத்தினாள். ஜெயித்தது அப்படித்தான் தெரிந்தது. சுகிர்தா மிட்டாயோடு ஓடிவந்தபோது, எல்லாம் பார்த்தேன் போ என்று வாசலிலேயே மடக்கி அனுப்பினாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில்தான் வயிற்றெரிச்சல் முற்றியது. ஆசியக் கோப்பை ஒன்று சென்னையில் நடந்தது. சுகிர்தாவின் மகள் ஏஞ்சல் அங்கே வேலை பார்க்கிறாள். அம்மாவை எழும்பூர் மைதானத்துக்கே கூட்டிப்போனாள். மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கிய இந்தியா மலேசியாவை நான்குக்கு மூன்று என்று ஜெயித்ததைச் சுகிர்தா கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். கன்னத்தில் மூவர்ணம் பூசியிருந்தாள். இரண்டு நாள் முகம் கழுவவில்லை. முப்பது ரூபாய் கொடுத்து வாங்கிய கொடியை ஜன்னலில் செருகினாள். அந்த ஜன்னல் பாக்கியமேரியின் அடுப்படிக்கு நேர் எதிரே. காலையில் டீ போடும்போது அந்தக் கொடி அவளைப் பார்த்து ஆடும்.

போன டிசம்பரில் அதே சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை. காலனிப் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் டேனியல், வெண்கலப் பதக்க ஆட்டத்துக்கு அவர்களை வேனில் கூட்டிப்போக ஏற்பாடு செய்தான். பிள்ளைகளும் அவனும் போக ஒரே ஒரு இடம் மிச்சம். காலனியிலேயே ஹாக்கி தெரிந்த பெரியவர் ஒருவருக்கு அது என்றான். அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேர்தான்.

சுகிர்தா ஒருமுறை பார்த்துவிட்டாள், அதனால் இடம் தனக்கு என்று பாக்கியமேரி சொன்னாள். பார்த்தவளுக்குத்தான் வழி தெரியும் என்று சுகிர்தா சொன்னாள். இரண்டு பேரும் டேனியலைப் போட்டுப் படுத்தியதில் அவன், ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் கேள்வி கேட்கிறேன், ஜெயித்தவர் வரலாம் என்று சொல்லித் தப்பித்தான்.

ஜெபம் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் ஹாக்கி முதலில் வைத்தது எங்கே, ஜெயித்தது யார் என்று டேனியல் கேட்டான். மாஸ்கோ, ஜிம்பாப்வே என்று சுகிர்தா பட்டென்று சொன்னாள். இடது கைக்காரருக்கு எந்த மட்டை என்பது அடுத்த கேள்வி. தனி மட்டையே இல்லை என்று பாக்கியமேரி சொன்னாள். சொல்லும்போது இடது கையை உயர்த்தியும் காட்டினாள். ஆளுக்கு ஒன்று.

“கடைசிக் கேள்வி. தெரிஞ்சவங்க கையத் தூக்குங்க” என்றான் டேனியல். “எழுவத்தஞ்சு பைனல்ல மொத கோலு போட்டது எந்த நாடு?”

அவனுக்கு அந்த வயல் கதை தெரியாது. பாக்கியமேரியின் கை முதலில் போய்விட்டது. போன பிறகுதான் சுகிர்தாவைப் பார்த்தாள். சுகிர்தா கையைத் தூக்கவே இல்லை. கட்டிக்கொண்டு நின்றாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. ஐம்பது வருஷமாக அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள் போல இருந்தது.

ஒரே ஒரு சொல் சொன்னால் வேன், மைதானம் எல்லாம் கிடைக்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால் அந்தப் பிடிக் கோரையைத் தன் கையாலேயே எடுத்துப் பனைமரப் பக்கம் வைக்க வேண்டும்.

“இந்தியா” என்றாள் பாக்கியமேரி.

சுகிர்தா பொறுமையாகச் சொன்னாள். “பாகிஸ்தான். பதினேழாவது நிமிசம்.”

டேனியலுக்கே மனசு கேட்கவில்லை. வேனில் இடமில்லை, ஆனால் சீட்டு இலவசம்தான், உங்களுக்கும் ஒன்று எடுத்துத் தருகிறேன் அத்தை, டிவியிலும் நன்றாகத்தான் தெரியும் என்றான். அவள் சீட்டை மட்டும் வாங்கி மடித்துச் சுருக்குப் பையில் வைத்தாள்.

புதன்கிழமை விடிந்ததும் பஸ் ஏறிச் செங்கல்பட்டு போனாள். அங்கே நான்கு பேரைக் கேட்டு ரயில் ஏறினாள். எழும்பூரில் இறங்கி, இன்னும் ஆறு பேரைக் கேட்டு மைதானத்துக்கு நடந்தாள். வேன் மத்தியானம் வந்து சேர்ந்தபோது அவள் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள், வேனுக்கு முன்னாலேயே வந்துவிட்ட திருப்தியோடு. பக்கத்தில் ஒரு நீளக் கழி, அதில் சுற்றிய கொடி. சுகிர்தா இறங்கி அவளையும் பார்த்தாள், கழியையும் பார்த்தாள்.

உள்ளே ஒரே இடத்தில்தான் எல்லோருக்கும் சீட்டு. சுகிர்தாவுக்குப் பின் வரிசையில் பாக்கியமேரி. எதிரே நீலத் தரை பளபளவென்று இருந்தது. ஆட்டக்காரப் பிள்ளைகள் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். எதிராளி அர்ஜென்டினா. கொஞ்ச நேரத்தில் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பாக்கியமேரி குட்டை, முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்போது ஒரு சத்தம் வந்தது. எத்தனையோ ஆயிரம் பேர் குட்டையாகக் கத்திவிட்டு மூச்சை விட்ட சத்தம்.

சுகிர்தா திரும்பினாள். “யாரு கோலு மே?”

பாக்கியமேரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அவுங்களுது.”

“அன்னிக்கு?”

“அன்னிக்கும் அவுங்களுதுதான். முன்னால பாத்து நில்லு.”

சுகிர்தா சிரிக்கவில்லை. அந்த ஒரு காரியத்தை அவள் செய்திருந்தால் கழி அவள் தலையில் இறங்கியிருக்கும். பக்கத்துப் பையனை நகர்த்திவிட்டு, பாக்கியமேரி பார்க்கும்படி கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.

அர்ஜென்டினா இன்னொன்றும் போட்டது. கடைசிக் கால் பகுதியில் இந்தியா நான்கு போட்டது. நான்குக்கு இரண்டு. நான்கு முறையும் பாக்கியமேரி நீளமாகக் கத்தினாள். ஒவ்வொரு கத்தலுக்கும் கொடியை விரித்து ஆட்டினாள். அது சுகிர்தாவின் தலைக்கு மேலே போய் அவள் கையிலிருந்த பழைய முப்பது ரூபாய்க் கொடியை மறைத்தது.

திரும்பும்போது பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்து அவளுக்கும் வேனில் இடம் கொடுத்தார்கள். சுகிர்தாவின் பக்கத்தில். கழி இரண்டு பேருக்கும் நடுவில். வண்டலூர் தாண்டியதும் சுகிர்தா கொடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“துணி நல்லா கீது. எவ்ளோ மே இது?”

அந்தக் கேள்விக்காகத்தான் பாக்கியமேரி காலையிலிருந்து காத்திருந்தாள்.

“நூத்தி இருவது ரூபா.”