ஆளில்லாத குழியில் அடுப்புப் புகை

என் மாமனார் பட்டாளத்துக்காரர். வேலூர்ப் பக்கம் அதில் ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். போன வருடம் அவர் அமெரிக்காவுக்கு, ஆலன் நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் மகள் தன் சரித்திரப் பாடத்தில் வந்த ஒரு படத்தைக் காட்டினாள். உலகப்போர்ப் பதுங்குகுழிகளில், காகிதக்கூழால் செய்த தலையைக் குச்சியில் செருகி மேலே தூக்கிக் காட்டுவார்களாம். எதிரி அதைச் சுட்டதும், குண்டு துளைத்த ஓட்டையை வைத்து அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பார்களாம். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாங்களும் செஞ்சிருக்கோம் கண்ணு. எல்லையில ஒரு வாட்டி பாதி ஆளுங்கள ராவோட ராவா வேற பக்கம் அனுப்பிட்டாங்க. குழியெல்லாம் காலி. யூனிஃபார்ம்ல வைக்கோல அடைச்சு நிக்க வெச்சோம். அது மட்டும் போதாது. ஆள் இருக்கற குழின்னா அடுப்பு புகையணும், துண்டு காயணும். மிச்சம் இருந்தவங்க ஓடி ஓடி எல்லாக் குழியிலயும் அடுப்பு பத்த வெச்சோம்."

"டிட் இட் வொர்க், தாத்தா?"

"வொர்க் ஆச்சு. அதனாலதான் உங்கம்மா சுட்ட இட்லிய தின்னுட்டு உக்காந்திருக்கேன்."

இந்த மனிதரின் காதில்தான் நான் பூ சுற்ற வேண்டி வந்தது.

இந்த வருடம் ஃப்ரீவேயில் ஒரு டிரக் என் கணவரின் காரை இடித்தது. தலையில் அடி. வென்டிலேட்டரில் வைத்தார்கள். கண் திறக்கவில்லை. அங்கே வேலூரில் மாமா இதய ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் நாத்தனார் போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

"அண்ணி, அப்பாக்கு தெரியவே கூடாது. எந்த அதிர்ச்சியும் தாங்க மாட்டாருன்னு டாக்டர் ஸ்ட்ரிக்டா சொல்லிருக்காரு. நீங்கதான் எப்படியாவது மேனேஜ் பண்ணணும்."

மேனேஜ் பண்ணணுமாம். ஐசியு வாசலில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்பவளிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் சரி என்றேன். ஒரே நேரத்தில் இரண்டு பேரை இழக்க எனக்குத் தெம்பில்லை.

என் கணவரின் போன் விபத்தில் நொறுங்கிவிட்டது. அதே நம்பருக்குப் புதிய போன் வாங்கினேன். வாட்ஸ்அப்பில் பழைய செய்திகள் எதுவும் வரவில்லை. மாலையில், அதாவது வேலூரின் காலையில், மாமாவிடமிருந்து ஒரு முருகன் படம் வந்தது. கீழே ரோஜாப்பூவும் 'இனிய காலை வணக்கம்' என்ற எழுத்தும். நான் என் கணவராக மாறி, "குட் மார்னிங்ப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்று பதில் போட்டேன். மறுநாள் வெங்கடாசலபதி வந்தார். அதற்கும் பதில் போட்டேன். ஒருநாளும் தவறவில்லை. சாப்பாடு மறந்தேன், குளியல் மறந்தேன், இதை மட்டும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மாமா, "அவன கொஞ்சம் காட்டும்மா" என்றார். பத்து நிமிடத்தில் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டேன். அவளுடைய வாலிபாலைத் தலையாக வைத்தோம். தலையணைகளை நாற்காலியில் அடுக்கி, அப்பாவின் ஹூடியை மாட்டி, அதன் மேல் ஹெட்போனை வைத்தோம். எதிரே லேப்டாப்பைத் திறந்து, பக்கத்தில் ஆவி பறக்கக் காபியும் வைத்தேன். கதவருகே நின்றபடி மாமாவைத் திரும்பக் கூப்பிட்டு, பொம்மையின் முதுகை மட்டும் காட்டி, "மீட்டிங்ல இருக்காரு மாமா, ப்ரொடக்‌ஷன் இஷ்யூவாம்" என்றேன். மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரிம்மா, வேலைய பார்க்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தால், மகள் அந்தப் பொம்மையைக் கட்டிக்கொண்டு ஹூடிக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். "இட் ஸ்டில் ஸ்மெல்ஸ் லைக் அப்பா" என்றாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. காபியைக் கொண்டுபோய் சிங்க்கில் கொட்டினேன்.

அடுத்த வாரம் டாக்டர்கள் என்னை ஒரு அறையில் உட்கார வைத்து, முன்னேற்றம் இல்லை, எதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். பார்க்க வேண்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்கள். பார்க்கிங் லாட்டில் கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன். சொன்னால் மாமா போய்விடுவார். சொல்லாமல் இருந்து பிள்ளை போய்விட்டால், அதன் பிறகு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அப்போது என் போன் அடித்தது. மாமா. அங்கே எல்லோரும் தூங்குகிற நேரம்.

"என்ன மாமா, தூங்கலையா?"

"எம் புள்ளைக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லையே மாமா, அவருக்கு இங்க மீட்டிங்…"

"போதும்மா." குரல் உயரவில்லை. "ரெண்டு வருஷமா தெனம் அவனுக்கு சாமி படம் அனுப்பறேன். ஒரு நாள்கூட பதில் போட்டதில்ல. நீலமா ரெண்டு டிக் வரும், அவ்ளோதான். பார்த்துட்டான், நல்லா இருக்கான்னு நானும் போயி காபி குடிப்பேன். திடீர்னு ஒரு நாள் பதில் வருது. மாத்திரை போட்டீங்களான்னு கேக்குது. அன்னைக்கே எனக்கு தெரிஞ்சு போச்சு, அது அவன் இல்லன்னு."

"அப்பவே ஏன் மாமா கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவியே. கேக்கற தைரியம் இன்னிக்கு ராத்திரி வரைக்கும் எனக்கு இல்ல. இன்னிக்காவது பதில் வரக் கூடாது முருகான்னு வேண்டிக்கிட்டுதான் தெனம் அனுப்புவேன். தெனம் வந்துடும்."

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். விபத்திலிருந்து டாக்டர்கள் சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் எதுவும் பேசவில்லை. வைத்துவிட்டாரோ, விழுந்துவிட்டாரோ என்று பயந்து, "மாமா, மாமா" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேம்மா. மூச்சு இருக்கா அவனுக்கு?"

"இருக்கு மாமா. மெஷின்ல இருக்கு."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"காலையில நான் படம் அனுப்புவேன். நீ தொறந்து பாரு, டிக் மட்டும் வரட்டும். பதில் போடாதம்மா. எம் புள்ளதான் போடலன்னு நெனச்சுக்கறேன்."