எஸ்தரின் கட்டியும் நான் சொன்ன பொய்ச் சாட்சியும்

கர்த்தருக்குள் பிரியமான சபையாரே, என் மனைவி எஸ்தர் இறந்து ஏழு மாதமாகிறது. அவளுடைய கட்டி ஜெபத்தால் கரைந்துவிட்டது என்று 1932-ஆம் வருஷம் லெந்து உபவாச நாட்களில் இதே சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னவன் நான்தான். அன்று நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். சிலர் அழுதீர்கள். நான் சொன்னது உண்மையல்ல. இதை ஒப்புக்கொள்ளாமல், கர்த்தர் கேட்டருளிய ஒரு ஜெபத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

எஸ்தருக்கு இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி வந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. என்னிடம் சொல்லவே அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். நான் வேலை செய்வது அங்கேதான். என்னோடு வேலை செய்கிறவர்கள் நடமாடும் இடத்தில் என் மனைவி ரவிக்கையைக் கழற்றுவதா என்று எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு விசுவாசம் என்று பேர் வைத்தேன். "கத்தி வேண்டாம், ஜெபம் பண்ணுவோம்" என்றேன்.

இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தோம். முடிவில், "வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலி ஒண்ணுமில்லைங்க."

எனக்கு அது போதுமாக இருந்தது. தொடக்கத்திலிருந்தே அது வலித்ததில்லை. அதை நான் கேட்கவில்லை, தொட்டும் பார்க்கவில்லை. அந்த ஞாயிறே இங்கே வந்து பேசிவிட்டேன். எஸ்தர் பெண்கள் பக்கத்தில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

பத்து மாதம் கழித்துத் துவைக்கப் போட்ட துணியில் அவளுடைய ரவிக்கையைப் பார்த்தேன். இடது பக்கம் சீழும் ரத்தமுமாகக் கறை. அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் சொல்லல, எஸ்தரு?"

"நீங்க சபையில சொல்லிட்டீங்க. நான் இல்லைன்னு சொன்னா, உங்க முகத்தை எங்க கொண்டுபோய் வைப்பீங்க?"

மறுநாள் ரிக்‌ஷாவில் அழைத்துப் போனேன். மார்பை எடுத்தார்கள். பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குளில் இருந்த கழலைகளையும் எடுத்தார்கள்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியின் சோதனைச் சாலையில் அட்டெண்டன்ட் நான். டாக்டர்கள் வெட்டியெடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் ஏற்றித் தருவேன். எத்தனையோ பேருடையதைச் சீவியிருக்கிறேன். சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று நினைத்துக்கொண்டே சீவியிருக்கிறேன். இம்முறை வந்த ஜாடியில் என் மனைவி பேர் இருந்தது. வேறு ஆளை வைத்துச் செய்யலாம் என்று எங்கள் சோதனைச் சாலையின் சிலோன் டாக்டர் சொன்னார். நானே செய்தேன்.

அவர் பூதக்கண்ணாடிக் கருவியில் சில்லை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, "இதைப் பாரும், ஞானமுத்து" என்றார்.

ஓரத்தில் செல்கள் வளையம் வளையமாக, ஒழுங்காக இருந்தன. உள்ளே போகப்போக வளையம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பெரிதும் சிறிதுமாக நெருக்கியடித்துக் கிடந்தன. ஒரு செல்லுக்குள் கருநீல நூல்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, எதிரெதிர்ப் பக்கம் விலகி நின்றன. இரண்டாகப் பிரிகிற நேரத்திலேயே அகப்பட்ட செல் அது.

"உம்முடைய கை வெட்டுப்பட்டா எப்பிடி ஆறுது? பக்கத்தில இருக்கிற செல் ஒண்டு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். காயம் மூடினதும் நிண்டிடும். எப்ப நிக்கோணும் எண்டு அதுக்குத் தெரியும். இதுக்குத் தெரியேல்லை. தேவையில்லாமப் பிரிஞ்சுகொண்டே இருக்கு."

"வெளியேருந்து வந்ததா, டாக்டர்?"

"இல்லை. அவவின்ரை சொந்தச் செல்தான்."

உபவாசம் இருந்த மூன்று வாரமும் நான் பிசாசைக் கடிந்துகொண்டிருந்தேன்.

"எப்ப கூட்டியாந்திருந்தா பிழைச்சிருப்பா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்குளுக்குப் பரவ முதல் வந்திருக்கோணும். பத்து மாசம் பெரிய காலம், ஞானமுத்து."

வெளியே போய்க் கை கழுவினேன். சாயம் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. புயலை ஒரு சொல்லால் நிறுத்தினவர் இதற்கும் ஒரு சொல் சொல்லலாமே என்று அன்று கேட்டேன். அழுது கேட்டேன், திட்டியும் கேட்டேன். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. அதை உங்களிடம் மறைக்கமாட்டேன்.

கட்டுப் பிரித்த அன்று எஸ்தர் இன்னொன்று சொன்னாள். "மழைக்காலத்துல பாக்கியம்னு ஒரு பொண்ணு என்னைத் தேடி வந்துச்சு. அக்கரையில பாகான் டாலாம்ங்கிற இடமாம். புருஷனுக்குத் துறைமுகத்துல மூட்டை தூக்குற வேலை. அதுக்கும் மாருல சின்னதா ஒரு கட்டி. உங்க சாட்சியை யாரோ சொல்லியிருக்காங்க. உங்களுக்குக் கரைஞ்ச மாதிரி எனக்கும் கரையும்ல, அக்கான்னு கேட்டுச்சு. நான் வாயைத் திறக்கல. போய்த் தேடுங்க."

இரண்டு ஞாயிறு படகேறி அக்கரைக்குப் போய் விசாரித்தேன். அகப்படவில்லை. மூன்றாம் தடவை எஸ்தரும் கிளம்பினாள். இடது கையைத் தூக்க முடியாது. கழுத்தோரம் இன்னொரு கட்டி தலைகாட்டியிருந்தது. படகில் கண்ணை மூடிக்கொண்டு அவள் ஜெபித்தது எனக்குக் கேட்டது.

"ஆண்டவரே, என்னைச் சுகமாக்குங்கன்னு இனிமே கேக்கமாட்டேன். அந்தப் பொண்ணை மட்டும் காட்டுங்க."

படகு அணைந்தது. படித்துறையில் எங்கள் படகில் ஏறக் காத்திருந்த கூட்டத்தில், துணி மூட்டையும் டிரங்குப் பெட்டியுமாகப் பாக்கியம் நின்றாள். மறுநாள் கப்பலில் கடல் தாண்டிச் சொந்த ஊருக்குப் போகிறாளாம். நாங்கள் அடுத்த படகில் வந்திருந்தால் அவள் அங்கே இருந்திருக்கமாட்டாள்.

"அக்கா, உங்களுக்குத்தான் கரைஞ்சு போச்சே. என்ன இப்படி இளைச்சிட்டீங்க?"

எஸ்தர் அவளைப் படித்துறைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போய், ரவிக்கையைத் திறந்து தழும்பைக் காட்டியிருக்கிறாள். திரும்பி வந்த பாக்கியம் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். பாக்கியத்தின் புருஷன், "டிக்கெட்லாம் எடுத்தாச்சு லா, அண்ணே" என்றான்.

"நான் பொய் சொன்னேன், தம்பி. கரையவே இல்லை. இந்தக் கையாலதான் அதைச் சீவிப் பார்த்தேன்."

அவன் சத்தம் போடவில்லை. "உங்களை நம்பித்தான் அண்ணே சும்மா இருந்தோம்" என்றான். எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எதுவும் என்னை அப்படிக் குத்தியதில்லை.

அவர்கள் கப்பலேறவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அந்த வாரமே பாக்கியத்துக்கும் அறுவை நடந்தது. அவள் அக்குள் கழலையையும் நானே சீவிச் சாயம் ஏற்றினேன். டாக்டர் ஒவ்வொரு சில்லாகப் பார்த்து முடிக்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இங்கை ஒண்டுமில்லை" என்றார். "பரவ முதல் வந்திட்டா."

ஓடிப் போய் எஸ்தரிடம் சொன்னேன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். ஐந்து மாதம் கழித்து, ஒரு மத்தியான வேளையில், மிகுந்த வேதனைக்குப் பின் போய்விட்டாள்.

ஒருத்தியைக் கண்ணில் காட்டிக் காப்பாற்றியவர் இன்னொருத்தியை ஏன் விட்டார் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. என் கசப்பு போகவில்லை. கசப்போடேதான் முழங்கால் போடுகிறேன், ஸ்தோத்திரமும் சொல்கிறேன். என் மனைவி தனக்கென்று கேளாமல் கேட்ட ஒன்றை அவர் ஒரு படகு நேரத்துக்குள் கொடுத்தார். அதை என் கண் கண்டது.

பாக்கியம் சுகமாக இருக்கிறாள். ஒரு வருஷமாகிறது. இதோ, பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இருக்கிறாள்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது மார்பில் கட்டி இருந்தால், வலிக்கவில்லை என்று மறைக்காதீர்கள். சகோதரர்களே, உங்கள் மானத்துக்காக அவர்களை மௌனமாக்காதீர்கள். கர்த்தரை நம்புங்கள், நம்பிக்கொண்டே எழுந்து வாருங்கள். நாளை திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நானும் பாக்கியமும் நிற்போம். கூச்சமாயிருக்கிறவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம்.