குவைத் குளிருக்கு ஒரு விறகு அடுப்பு

குவைத்தில் குளிர் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். அங்கே போய்ச் சேரும்வரை நானும் நம்பவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. நாட்டின் வடக்கே, பாலைவனத்தின் நடுவில், குழாய் பதிக்கும் வேலைக்காகப் போட்டிருந்த கேம்பில் இருந்தேன். வரிசை வரிசையாகத் தகர அறைகள். டிசம்பர் பிறந்ததும் வடக்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். சில நாள் விடியற்காலையில் வெளியே வைத்த வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய பனி ஏடு கட்டியிருக்கும். தூக்கத்தில் முதுகு தகரச் சுவரில் பட்டால் சூடு போட்டதுபோல் உடம்பு துள்ளும்.

எங்கள் அறையில் மூன்று பேர். ஒருவர் ராமநாதபுரத்துக்காரர், வெல்டர், ஐம்பதை நெருங்கியவர். இன்னொருவர் இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அந்த வெல்டருக்கே உதவியாளாகக் கிரைண்டர் பிடிப்பவர். நான் புதுக்கோட்டை, ஸ்டோரில் ஹெல்பர். நாங்கள் இருவரும் வெல்டரை அண்ணே என்போம்.

கேம்புக்கு மின்சாரம் ஜெனரேட்டரில்தான். டீசல் அதிகம் போகிறது என்று சொல்லி, அந்த வருடம் ஹீட்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு அறைக்கும் மாதம் ஆறு தினார் சம்பளத்தில் பிடிப்போம் என்று கேம்ப் பாஸ் வந்து அறிவித்துவிட்டுப் போனார். ஆளுக்கு இரண்டு தினார். வீட்டுக்குப் போன் பேசும் கார்டு ஒன்றின் விலை.

"ஹீட்டரத் தூக்கிக் குடுத்துருவோம்ப்பா," என்றார் வெல்டர். "நான் ஒரு வெறகடுப்பு செஞ்சு தாரேன். ஸ்டோர்ல சாமான் அடுக்கி வந்த மரப் பேலட்டு ஒடஞ்சு மலையாட்டம் கெடக்கு. காசில்லாம காயலாம்."

ஹட்டன்காரர் கட்டிலில் படுத்தபடியே சொன்னார். "அண்ணே, நாங்க தோட்டத்து லயன் வீட்டுல வெறகு எரிச்சு வளந்தவங்க. வெறகு சும்மா கெடைக்கிற வரைக்கும்தான் அது மலிவு."

"நீ மலையில பொறந்தவன். ஒனக்குக் குளிரு பழக்கம். எனக்கு இல்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை அடுப்பு தயாராகிவிட்டது. மிச்சம் விழுந்த பெருங்குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி, அடித்தகடு வைத்து, மூன்று கால், ஒரு கதவு. புகை போக ஒரு சன்னக் குழாய். ஜன்னல் கண்ணாடியில் பாதியைக் கழற்றித் தகரம் அடித்து அதன் வழியே குழாயை வெளியேற்றினார். அவர் வைத்த ஒரு வெல்டிங்கில்கூடப் பிசிறு இருக்காது. உடைந்த பேலட்டுகளை நான் ஸ்டோரிலிருந்து தூக்கிவருவேன். மாலையில் பக்கத்து அறை ஆட்கள் எங்கள் அறையில் வந்து உட்காருவார்கள். அடுப்பின் தலையிலேயே டீ கொதிக்கும். வெல்டருக்கு முகமெல்லாம் பெருமை.

இரண்டு வாரம்கூட அது நீடிக்கவில்லை. உடைந்த பேலட்டுகளைக் கம்பெனி மொத்தமாக ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டது. ஒரு சிராய்கூட வெளியே போகக்கூடாது என்று ஸ்டோர் மேனேஜர் என்னிடம் சொல்லிவிட்டார். கான்கிரீட் வார்க்கும்போது அடைப்புக்கு வைக்கும் பலகைகளை எரித்துப் பார்த்தோம். அதில் ஊறியிருந்த எண்ணெய் கண்ணைப் பிடுங்கியது. கடைசியில் விறகு வாங்கத் தொடங்கினோம். குளிர்காலத்தில் குவைத்திகள் பாலைவனத்தில் கூடாரம் போட வருவார்கள். அவர்களுக்காகச் சாலையோரத்தில் விறகு மூட்டை விற்பார்கள். ஒரு மூட்டை ஒன்றரை தினார். நாலைந்து நாளில் சாம்பல்.

"ஹீட்டருக்கு மாசம் ஆறு," என்றார் ஹட்டன்காரர் ஒருநாள். "வெறகுக்கு இப்பவே ஒன்பது தாண்டிருச்சு. இது யாருக்கு லாபம்?"

வெல்டர் கையிலிருந்த டம்ளரை ஓசையெழ வைத்தார். "அடுப்புல குத்தமில்ல. சூடெல்லாம் பைப்பு வழியா வெளிய ஓடுது. அத மறிச்சா ஒரு மூட்ட பத்து நாளைக்கு வரும்."

மறுநாளே வட்டத் தகடு ஒன்றை வெட்டிவந்து புகைக்குழாய்க்குள் பொருத்தினார். வெளியே ஒரு கைப்பிடி. திருப்பினால் குழாய் அடைபடும். விறகு நிதானமாகக் கனிந்து எரிந்தது. மூட்டை நிஜமாகவே கூடுதல் நாள் வந்தது.

"பொக போற வழிய மறிக்கக் கூடாதுண்ணே," என்றார் ஹட்டன்காரர்.

"முழுசாவா மறிக்கிறேன்? ஒரு வெரக்கட விட்டிருக்கேன்ல? எனக்கே சொல்லித் தரியா நீ?"

அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. சைட்டில் ஒரே குழாய் இணைப்பில் இருவரும் குனிந்து வேலை செய்வார்கள். கையசைப்பு மட்டும்தான். அறைக்கு வந்தால் ஒருவர் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார், மற்றவர் அடுப்பின் முன் உட்கார்ந்து அந்தக் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருப்பார். நடுக்கட்டிலில் நான். வாயைத் திறந்தால் எதில் போய் முடியுமோ என்று பயந்து சீக்கிரமே போர்த்திப் படுத்துவிடுவேன்.

ஜனவரிக் கடைசியில் அவர்கள் இருவருக்கும் ஒரு வாரம் நைட் டூட்டி விழுந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் மழை. நான் காலை டூட்டிக்குக் கிளம்பும்போது நனைந்து நடுங்கியபடி இருவரும் வந்தார்கள். ஹட்டன்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு கம்பளிக்குள் சுருண்டார். வெல்டர் அடுப்பு நிறைய விறகை அடுக்கினார். காற்று வராமல் இருக்கக் கதவடியில் சாக்கைத் திணிக்கவேண்டும் என்று அவர் முனகியது என் காதில் விழுந்தது.

மழை விடவில்லை. சைட்டில் தண்ணீர் தேங்கியதால் மதியத்துக்கு முன்பே எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். அசதியில் தூங்குகிறார்கள் என்று நினைத்துச் சற்று நின்றேன். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருளும் சத்தம். "அண்ணே!" என்றேன். ஜன்னலில் மீதமிருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். வெல்டர் தரையில் மண்டியிட்டுக் கதவை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கை கதவை எட்டவில்லை. குடித்தவர்போல் பக்கவாட்டில் சாய்ந்தார்.

எட்டி உதைத்தேன். இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளே புகை இல்லை, வாடையும் இல்லை. வெறும் புழுக்கம். எதுவுமே கண்ணுக்குத் தெரியாததுதான் என்னைக் கலங்கடித்தது. வெல்டரின் கக்கத்தில் கைகொடுத்து மழைக்குள் இழுத்துப் போட்டேன். அவர் வாய் குழறியது. "அவன்... உள்ள... அவன்..."

ஹட்டன்காரரை உலுக்கினேன். தலை துவண்டு விழுந்தது. கம்பளியோடு சேர்த்து இழுத்தேன், என் தலையும் சுற்றியது. வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் என் கால் மடங்கியது. நான் கத்தியதைக் கேட்டுத் தண்ணீர் வண்டி ஓட்டும் பட்டாணியர் ஓடிவந்தார். "ஜல்தி பாய், ஜல்தி!" என்று அவர் காலைப் பிடிக்க, நான் தோளைப் பிடிக்க, கேம்ப் பிக்கப்பின் பின்சீட்டில் ஏற்றினோம். வெல்டரும் தடுமாறியபடி ஏறிக்கொண்டார்.

பள்ளமான இடங்களில் எல்லாம் சாலையில் தண்ணீர். பட்டாணியர் வண்டியை நிறுத்தாமல் அடித்தார். ஹட்டன்காரர் தலை என் மடியில் இருந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு இருக்கிறதா, ஜன்னல் காற்றா, தெரியாது. மீண்டும் வைத்துப் பார்ப்பேன். அந்தப் பக்கம் வெல்டர் அவருடைய பாதங்களை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடையே ஒருமுறை ஜன்னலை இறக்கி வாந்தி எடுத்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"டேய், கண்ணத் தொறடா. வெறகுல லாபமில்லன்னு சொன்னேல்ல? சரிடா. லாபமில்ல. நீ சொன்னதுதான் சரி. கண்ணத் தொற."

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். விறகு சரியாக எரியாமல் கனிந்தால் கண்ணுக்குத் தெரியாத விஷ வாயு வரும், வெளியேற வழி இல்லாவிட்டால் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும் என்று மலையாள நர்ஸ் ஒருத்தி எங்களுக்குப் புரியும்படி சொன்னாள். வெல்டர் முகத்தில் மாட்டிய மூடியைக் கழற்றிவிட்டு, "பைப்புக்குள்ள எறங்குறதுக்கு முன்னாடி வெஷக் காத்து இருக்கான்னு கேஸ் டெஸ்ட் கேக்குறவன் நானு," என்றார். அவள் மறுபடியும் மூடியை மாட்டிவிட்டாள். அவர் அழுதார்.

சாயங்காலம் ஹட்டன்காரர் கண் விழித்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். "டூட்டிக்கு நேரமாச்சா?" என்றார்.

விஷயம் பெரிதாகிவிடுமோ என்று கம்பெனி பயந்தது. எல்லா அறைக்கும் ஹீட்டர் வந்தது. பணம் பிடிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் திரும்பியதும் வெல்டர் யாரும் சொல்லாமலேயே அடுப்பை வெளியே இழுத்துப்போட்டு, கேஸ் கட்டரால் துண்டு துண்டாக்கினார். ஹட்டன்காரருக்குத் தலைவலி வெகுநாள் விடவில்லை. பேச்சின் நடுவே சொல் மறந்து நிற்பார். கிரைண்டரைத் தரப் பயந்து அவரை மெஸ்ஸுக்கு மாற்றினார்கள்.

வெல்டருக்கு வேறு வியாதி பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்த விடமாட்டார். பிப்ரவரிக் காற்று உள்ளே வீச, ஹீட்டர் எரிய எரிய மூவரும் நடுங்கிக்கொண்டு படுப்போம். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த ஹட்டன்காரர் ஒருநாள் மெஸ்ஸிலிருந்து வந்ததும் நேரே போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். வெல்டர் பதறி எழுந்தார்.

"அண்ணே, ஹீட்டர்ல பொக வராது. எனக்குக் குளிருது," என்றார் ஹட்டன்காரர்.

வெல்டர் ஜன்னலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு தன் கம்பளியை எடுத்துவந்து அவர் கட்டிலில் போட்டார்.