இறைச்சி என்று எழுதிய இடத்தில் கோழி

கொச்கோர் பால் நிலையத்தில் அனார்குல் பால்மானியை வாளிக்குள் இறக்கும்போது வரிசையில் நிற்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பதினேழு வருடமாக அந்தக் கண்ணாடிக் குழாய் அவள் கையில்தான் இருக்கிறது. செத்துப்போன புருஷனின் அக்கா கொண்டுவந்த பாலில் தண்ணீர் இருப்பதைக் கண்டு, நாலு பேர் பார்க்க வாளியோடு திருப்பி அனுப்பியவள் அவள். அந்த நாத்தனார் இரண்டு வருடம் பேசவில்லை. மூன்றாம் வருடம் நல்ல பாலோடு வந்தாள். அனார்குல் ஒன்றும் நடக்காததுபோல் அளந்து எழுதிக்கொண்டாள்.

அவள் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அம்மா இறந்தபோது தம்பி எர்மெக்குக்கு ஐந்து வயது. அவனுக்குச் சட்டை தைத்ததும், பள்ளிக்கு அனுப்பியதும், தலைநகர் பிஷ்கெக்கில் குளிர்சாதன இயந்திரப் படிப்பு படிக்கவைத்ததும் அவள்தான். மற்ற வீடுகளில் கம்பளம் தொங்கும் சுவரில் அவள் வீட்டில் தம்பியின் சான்றிதழ் தொங்கியது. வருகிறவர்கள் தேநீரைத் தொடுவதற்கு முன்னால் அதைப் பார்த்தாக வேண்டும். பார்க்காதவர்களுக்கு அவளே காட்டுவாள்.

அந்த எர்மெக் ஆறு வருடமாக துருக்கியில், அந்தாலியாவில், கடற்கரை ஓட்டல் ஒன்றில் குளிர்சாதன வேலை பார்க்கிறான். மனைவி மைராமும் அங்கேதான். அக்டோபர் தொடக்கத்தில் அவனிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. கோடு போட்டுப் பிரித்த ஒரு தாள். இடது பக்கம் ‘கொச்கோர்’, வலது பக்கம் ‘அந்தாலியா’. விலையெல்லாம் ஊர்ப் பணமான சோமில் மாற்றி எழுதியிருந்தான். கீழே இரண்டு வரி: “அக்கா, எந்தப் பக்கம் வாழலாம்னு நீயே பாரு. வீட்டை வித்துட்டு வந்துடு. ஒமுர்பெக்கிட்ட பேசிட்டேன்.”

கடைசி வாக்கியத்தை அனார்குல் மூன்று தடவை படித்தாள்.

வீடு அப்பா கட்டியது. கடைசி மகனுக்கே தகப்பன் வீடு என்பது ஊர் வழக்கம். புருஷன் செத்த பிறகு அவள் இங்கே திரும்பி வந்து, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டதும் அவனுக்காகத்தான். ஆகவே விற்க அவனுக்கு உரிமை இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. உரிமை இருக்கிறவன் “வித்துடு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பத்தி போட்டு எதற்கு ஆசை காட்ட வேண்டும்?

மறுநாளே ஒமுர்பெக் வந்தான். பெரிய சாலையில் கடை வைத்திருப்பவன். வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கு விடுதி போட ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தான். உட்காரும்போதே கூரையை அண்ணாந்து பார்த்தான்.

“அனார்குல் அக்கா, இந்தக் குளிர்ல தனியா எத்தனை நாள் நிலக்கரி சுமப்பீங்க? உங்க முதுகை நினைச்சாத்தான் எனக்கு மனசு கேக்கல.”

“என் முதுகு என்னைக்குடா உன் கடையில வந்து அழுதுச்சு?”

“அடுத்த சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. பனி விழுந்துட்டா கொத்தனார் கிடைக்கமாட்டான்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று நினைத்துக்கொண்டு, அவன் போன பிறகு ஒரு நோட்டை எடுத்தாள். தம்பியின் தாளை வரி பிசகாமல் தன் கையால் பிரதி எடுத்தாள். கைபேசியில் இருக்கும் எழுத்தை அவள் நம்புவதில்லை. விரல் பட்டால் ஓடிப்போகும் எழுத்து அது.

ஒவ்வொரு வரியாகச் சோதித்தாள். உருளைக்கிழங்கு: கொச்கோரில் கிலோ முப்பது சோம் என்று இருந்தது. கொல்லையில் தோண்டி மூட்டை கட்டி வைத்திருப்பதற்கு விலை போட்டிருக்கிறான் என்று ஓரத்தில் குறித்தாள். நிலக்கரி: கொச்கோரில் குளிர்காலத்துக்கு இரண்டு டன், அந்தாலியாவில் சைபர். இது உண்மையாக இருக்கலாம். வாடகை என்ற வரியில் இங்கே சைபர், அங்கே மட்டும் ஒரு தொகை. ஆனால் அந்தத் தொகை பென்சிலில் எழுதியதுபோல் மங்கலாக இருந்தது. மறைக்க நினைக்கிறவன்தான் மங்கலாக எழுதுவான்.

இறைச்சி வரிக்கு வந்தபோதுதான் அவளுக்கு மூக்கில் வேர்த்தது. கொச்கோரைவிட அங்கே பாதி விலை என்றிருந்தது.

காலையில் பால் நிலையத்தில் பக்கத்து வீட்டுக் கலீச்சாவிடம் கேட்டாள். கலீச்சாவின் மருமகள் இரண்டு வருடம் துருக்கியில் பாத்திரம் கழுவியவள்.

“பாதி விலையா?” கலீச்சா வாளியைத் தரையில் வைத்தாள். “என் மருமக அங்க இருந்தப்ப ஆட்டுக்கறி வேணும்னா போன்ல என்னைச் சாப்பிடச் சொல்லிப் பாத்துக்கிட்டிருப்பா. நம்ம விலைக்கு ரெண்டு மடங்குடி. உன் தம்பி எந்த மிருகத்தத் திங்கறான்?”

“கிண்டல் பண்ணாத. அவன் படிச்சவன். எழுதும்போது கை தப்பியிருக்கும்.”

“படிச்சவன் கை தப்பினா தனக்கு லாபமாத்தான் தப்பும். முதல்ல என் பாலை அள. நீ பேசற பேச்சுல தயிராயிடும்.”

வரிசை சிரித்தது. அனார்குல் சிரிக்கவில்லை. தம்பியை இன்னொருத்தி சந்தேகப்படுவது அவளுக்குப் பிடிக்காது. அந்த வேலையை அவளே செய்துகொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளே கூப்பிட்டாள். திரையில் எர்மெக்கின் முகம் வந்தது. தாடை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

“தாளைப் பாத்தியா அக்கா?”

“பாத்தேன். இறைச்சின்னு போட்டிருக்கியே, என்ன இறைச்சி?”

அவன் பக்கவாட்டில் பார்த்தான். “கோழி.”

“கோழியா?” கொச்கோரில் இறைச்சி என்றால் ஆடு, மாடு, குதிரைதான்; கோழி அந்தக் கணக்கிலேயே வராது.

“இங்க எல்லாரும் கோழிதான் அக்கா சாப்பிடுவாங்க.”

“கோழியை இறைச்சின்னு எழுதறதுக்கா உன்ன அவ்வளவு படிக்க வச்சேன்? நாளைக்கு முட்டையையும் குதிரைன்னு எழுதுவ போல.”

அவன் சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் நோட்டில் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

“மொய்னு ஒரு வரி இருக்கு. இங்க மாசம் ஆறாயிரம்னு போட்டிருக்க. அது சரி, சில மாசம் அதுக்கு மேலயும் போகும். அங்க சைபர்னு இருக்கே?”

“அதான் அக்கா பெரிய மிச்சமே! இங்க கல்யாணம், தொட்டில் விசேஷம், சாவு எதுக்கும் மொய் கிடையாது.”

“ஆறு வருஷத்துல ஒருத்தன்கூட உன்னக் கல்யாணத்துக்குக் கூப்பிடலையா?”

“வேலை இருக்கே அக்கா.”

“மைராம் எங்க?”

“வேலைக்குப் போயிருக்கா.”

போன மாதம் கேட்டபோதும் வேலைக்குப் போயிருந்தாள். அதற்கு முந்தைய மாதம் தூங்கிக்கொண்டிருந்தாள். அனார்குல் அழைப்பை முடித்தாள். நோட்டின் ஓரத்தில் ‘கடன்?’ என்று எழுதினாள். தம்பி சூதாடியிருக்கலாம். வண்டியில் யாரையாவது இடித்திருக்கலாம். வீட்டை விற்ற பணம் வேறெங்கோ போகப்போகிறது, அதை மூடத்தான் இந்தத் தாள். அன்று மாலை சுவரில் இருந்த சான்றிதழைத் துடைக்கும்போது, முத்திரை அசல்தானா என்றுகூட ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன்மேலேயே கோபம் வந்து துணியை விசிறி எறிந்தாள்.

வெள்ளிக்கிழமை அவனே கூப்பிட்டான். ஒமுர்பெக் சனிக்கிழமை பதில் கேட்கிறான் என்று நினைவுபடுத்தத்தான். சமையலறை மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, தேநீர் ஊற்றினான். கல்யாணத்துக்கு அவள் கொடுத்த நீலக் கிண்ணம். விளிம்பு வரைக்கும் ஊற்றினான்.

அனார்குல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தாள்.

கொச்கோர் பக்கம் தேநீரைக் கிண்ணத்தில் பாதிக்குக் கீழேதான் ஊற்றுவார்கள். குடித்ததும் நீட்ட வேண்டும், மறுபடி பாதி வரும். நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். பாதி பாதியாக ஊற்றுவதற்குக் கெண்டியின் பக்கத்தில் எப்போதும் ஒருத்தர் உட்கார்ந்திருக்க வேண்டும். மைராமும் அதே நாட்டில் தலாஸ் பக்கத்துப் பெண்தான். அவள் ஊற்றுவது பால் நிலையத்துக் கணக்குபோல் இருக்கும், ஒரு சொட்டு கூடாது, குறையாது. அதனால்தான் அனார்குலுக்கு அவளைப் பிடித்தது.

“ஏண்டா கிண்ணம் தளும்புது?”

“இங்க இப்படித்தான் அக்கா ஊத்துவாங்க. துருக்கிக்காரங்க டம்ளர் நிறையத்தான் குடிப்பாங்க.”

“அது துருக்கி டம்ளரா? நான் வாங்கின கிண்ணம். ஒருத்தன் தனக்குத் தானே ஊத்திக்கிட்டா எழுந்து எழுந்து ஊத்த சோம்பல்பட்டு இப்படித்தான் நிறைப்பான். மைராம் எங்கடா?”

அவன் கெண்டியை எடுத்து ஓரமாக வைத்தான்.

“கடன் பட்டியா?”

“இல்ல.”

“அம்மா மேல சத்தியமா?”

“சத்தியமா இல்ல அக்கா.” கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “அவ போயிட்டா. மார்ச்சுல. இஸ்தான்புல்ல அவ தங்கச்சிகிட்ட. திரும்ப வரமாட்டா.”

அனார்குல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மார்ச்சிலிருந்து எண்ணினாள். ஏழு மாதம். ஏழு மாதமாக ‘வேலைக்குப் போயிருக்கா’.

“அதுக்கு அப்பா வீட்டை எதுக்குடா விக்கணும்?”

“வீடு இருக்கிற வரைக்கும் நீ வரமாட்டியே அக்கா. எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? அடுப்பு அணைஞ்சிடும்பே, மாடு கத்தும்பே.”

“நீ இங்க வரலாமே?”

“எப்படி வர்றது? போகும்போது ரெண்டு பேர். திரும்பும்போது ஒத்தையா, கையில ஒண்ணும் இல்லாம. கலீச்சா வாய்க்கு நான் அவலாகணுமா?”

“கலீச்சா வாய்க்கு நான் தினமும்தான் அவலாகறேன். செத்தா போயிட்டேன்?”

அவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு வேலை நேரம் என்று சொல்லி வைத்துவிட்டான். கிண்ணத்தில் ஒரு வாய்கூடக் குறையவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

சனிக்கிழமை ஒமுர்பெக் முன்பணத்தோடு வந்தான். அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

“வீடு விக்கறதுக்கு இல்ல.”

“எர்மெக் எங்கிட்ட சொன்னானே அக்கா?”

“சொன்னவன் வந்து நேர்ல சொல்லட்டும். வீட்டுக்காரன் இல்லாம வீட்டை விக்கறது என்ன பழக்கம்?”

அவன் கூரையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவள் நரீன் நகரத்துப் பால் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பி, குளிரூட்டும் இயந்திரம் பார்க்க ஆள் தேவையா, சம்பளம் என்ன என்று விசாரித்தாள். தேவைதான் என்று தெரிந்தது. சம்பளம் அந்தாலியாவில் அவன் வாங்குவதில் பாதிதான். அப்படியே எழுதினாள். நோட்டில் கோடு போட்டு, இந்தத் தடவை அவள் பட்டியல் போட்டாள். வாடகை: இல்லை. உருளைக்கிழங்கு: ஒன்பது மூட்டை, நானே தோண்டியது. இறைச்சி: ஆட்டிறைச்சி, ஆட்டின் விலை. மொய்: மாதம் மூன்று விசேஷம், இலையுதிர் காலத்தில் ஐந்து, குறைக்க வழியில்லை, நீ வந்தால் உன் பெயரிலும் ஒன்று வைக்க வேண்டும். கலீச்சா வாய்: இரண்டு வாரம், அதற்குள் வேறு யார் வீட்டிலாவது ஏதாவது நடந்துவிடும். தேநீர்: பாதிக் கிண்ணம்.

நிலக்கரிக்கு வந்ததும் பேனா நின்றது. இந்த வருடம் டன் ஏழாயிரம் சோம். லாரிக்காரனிடம் நேற்றுத்தான் கேட்டாள். பதினேழு வருடத்தில் ஒரு அளவையும் அவள் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. ஜன்னல் வழியாகக் கலீச்சா பார்க்கிறாளா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு ‘ஐயாயிரத்து ஐந்நூறு’ என்று எழுதி, படம் எடுத்து அனுப்பினாள்.

மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் பால் நிலையத்தில் அளந்துகொண்டிருக்கும்போது கைபேசி அடித்தது. வரிசையைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எடுத்தாள். அப்படி அவள் செய்ததே கிடையாது.

“அக்கா,” என்றான் எர்மெக். குரலில் பழைய படிப்புக்காரன் வந்திருந்தான். “ஒரு வரி இடிக்குது. நிலக்கரி ஐயாயிரத்து ஐந்நூறுன்னு போட்டிருக்கியே? அது போன வருஷ விலைகூட இல்லையே. எங்க விசாரிச்ச?”

வரிசையில் கலீச்சா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அனார்குல் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“சந்தேகமா இருந்தா,” என்றாள், “நேர்ல வந்து விசாரிச்சுக்கோ.”