சோதனைக்குப் போட்ட கதவு

எங்கள் வீட்டு அறைகளுக்குக் கதவு கிடையாது. முன் வாசலுக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று, குளிக்கிற இடத்துக்கு ஒன்று. மற்றதெல்லாம் பழைய சேலையில் தைத்த திரைதான். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு இப்படித்தான் இருக்கும். கட்டும்போது கதவைப் பிறகு பார்ப்போம் என்று விட்டிருப்பார்கள், பிறகு அந்த நினைப்பே யாருக்கும் வராது. பட்டப்பகலில் அறையைப் பூட்டிக்கொண்டு ஒரு ஆள் என்னத்தைச் செய்யப் போகிறது? நாற்பத்தாறு வயது வரைக்கும் எனக்கும் ஒரு கதவு தேவைப்பட்டதில்லை.

வீடு தம்பியுடையது. நான் கல்யாணம் கட்டவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் இல்லை, நடக்கவில்லை, அவ்வளவுதான். தம்பி, அவன் மனிசி, இரண்டு பிள்ளைகள், நான். தம்பியின் மனிசி எனக்கு மச்சாள், அவளுக்கும் நான் மச்சாள். இத்தனை வருசம் ஒரே குசினியில் புழங்கியும் நாங்கள் இரண்டு பேரும் 'நீங்கள், வாங்கோ, போங்கோ' என்றுதான் கதைக்கிறது. ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. சண்டை பிடிக்கிற அளவுக்கு நெருங்கினதுமில்லை.

துறைமுகப் பக்கம் ஒரு ஒபிஸில் எனக்கு வேலை. தரவு முகாமைத்துவம் என்று பதவிக் கடிதத்தில் இருக்கிறது. கேட்கிற ஆட்களுக்கு 'கொம்பியூட்டர் வேலை' என்று சொல்லிவிடுவேன், அதோடு கதை முடிந்துவிடும். சல்லியிலிருந்தும் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் அன்றன்று கரைக்கு வந்த மீனின் விவரம் எனக்கு வரும். ஒரே மீனுக்கு ஒரு இடத்தில் ஒரு பேர், மற்ற இடத்தில் வேறு பேர். ஒருத்தர் ஐஸோடு நிறுப்பார், ஒருத்தர் ஐஸைத் தட்டிவிட்டு நிறுப்பார். ஒருத்தர் கைக்கு வந்ததைப் போட்டு அனுப்பிவிட்டுப் படுத்துவிடுவார். இதையெல்லாம் பிடித்து, ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்து, கொழும்பில் ஒருவர் திறந்து பார்த்தால் நம்பக்கூடிய மாதிரி வைத்திருப்பதுதான் என் வேலை. இருபது வயதுப் பிள்ளையாக இல்லாவிட்டாலும் நன்றாகத்தான் செய்தேன். யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வருச முடிவோடு எங்கள் திட்டம் முடிகிறது, அதே வேலையை வேறு ஒரு திட்டம் எடுத்து நடத்தும் என்று அறிவித்தார்கள். பழைய ஆட்களையும் எடுப்பார்களாம். ஆனால் என்னுடைய இடத்துக்கு வெளிநாட்டு அமைப்பொன்று கொடுக்கிற தொழில்சார் சான்றிதழ் கட்டாயமாம். பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்கள் இல்லாம இங்க ஒண்டும் ஏலாது, ஆனா விதி விதிதானே" என்றார். நான் இல்லாமல் ஏலாதாம், என்னை இல்லாமல் செய்ய மட்டும் ஏலுமாம். சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். வேறு என்ன செய்ய?

வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஒபிஸில் ஒரு சோதனை எழுதவேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சம்பளம் வருகிற வரைக்கும் நான் அந்த வீட்டில் ஒரு ஆள். பிள்ளைகளின் டியூசனுக்குக் கொடுக்கிற பெரியம்மா... அவர்கள் என்னை மாமி என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் பெரியம்மா மாதிரித்தான் நடந்துகொண்டேன். சம்பளம் நின்றால், மச்சாள் சோறு போட்டுத் தரும்போது எந்த முகத்தோடு கோப்பையை நீட்டுவேன்?

திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரி. அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, கிழமை கிழமையாகப் பிரித்தேன். முதலில் அடிப்படைச் சோதனை. அதற்குத் தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம். அது முடிய இரண்டு விசேட பாடங்கள், பிறகு அதற்கு மேல்நிலை ஒன்று. எல்லாம் முடித்தாலும் மூன்று வருசத்தில் காலாவதியாகிவிடும், திரும்பப் புதுப்பிக்க வேண்டும். பால்மாப் பெட்டிக்கு மாதிரி எனக்கும் ஒரு திகதி. கொழும்பில் சனிக்கிழமை வகுப்பு இருந்தது. வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி இரவு பஸ்ஸில் திரும்பி வருவதை நினைத்துப் பார்த்துவிட்டு அதை வெட்டினேன். இலவசமாக ஒன்லைனில் நடத்துகிற வகுப்புகள் வெளிநாட்டில் அவர்களுக்கு மத்தியானம், எனக்குப் பின்னேரச் சமையலும் பிள்ளைகளின் சத்தமும். அதையும் வெட்டினேன். மிஞ்சினது புத்தகமும் நானும். சல்லி அம்மன் கோவில் திருவிழாவுக்கு எல்லோரும் வெளிக்கிட்டுப் போன நாளில் தரவின் தரம் பற்றின அத்தியாயத்தை முடிப்பதாகத் திட்டம். அவர்கள் திரும்பி வந்தபோது நான் அந்த அத்தியாயத்தின் மேல் முகம் வைத்து நித்திரை.

களைப்பு என்றால் அப்படியொரு களைப்பு. எழும்பும்போதே களைத்துத்தான் எழும்புவேன். பதினாலு வருசமாகச் செய்த வேலைக்குப் புத்தகத்தில் புதுப் பேர் இருந்தது. என் கையில் இருந்ததையே திரும்பப் பாடமாக்குவது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பின்னேரங்களில் கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சோறு இறங்காது. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

கதவு பிறகு வந்த பிரச்சினை. சோதனையை வீட்டிலிருந்தே லப்டொப்பில் எழுதலாம், எங்கேயோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் கமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் அறைக்குக் கதவு இருக்கவேண்டும், அது பூட்டியிருக்கவேண்டும், உள்ளே வேறு ஆள் வரவே கூடாது. ஒபிஸில் எல்லாம் கண்ணாடித் தடுப்பு, நிமிசத்துக்கு ஒருத்தர் தலையை நீட்டுவார். தம்பியிடம் சொன்னேன். அவன் ஏனென்று கேட்காமல், எங்கேயோ இடித்த வீட்டிலிருந்து ஒரு முதிரை மரக் கதவை ஓட்டோவில் கட்டிக் கொண்டுவந்தான். தச்சர் வந்து புது நிலை வைத்துக் கதவைப் பொருத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் அடித்தார். மச்சாள் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

"பூட்டு உள்ளுக்கோ மச்சாள்?"

"ஓம்."

"வெளியால திறக்க ஏலாதோ?"

"ஏலாது. அதுக்குத்தானே கதவு."

அவள் அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று போய்விட்டாள்.

சோதனை நாள் விடிய விதிகளைத் திரும்ப வாசித்தேன். சுவரில் படம், கலண்டர் ஒன்றும் இருக்கக்கூடாது. கண்ணாடியை மூடவேண்டும். மணிக்கூடு, தோடு, சங்கிலி போடக்கூடாது. ஃபோன் அறைக்குள் இருக்கக்கூடாது. சாமிப் படங்களைக் கழற்றினேன். அலுமாரிக் கண்ணாடிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினேன். தோட்டையும் சங்கிலியையும் கழற்றி, ஃபோனையும் படங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் குசினியில் மச்சாளின் கையில் கொடுத்தேன்.

"இதுகளை நீங்கள் வைச்சிருங்கோ."

"ஏன் மச்சாள், கழுத்தில கிடக்கட்டுமே."

"எனக்கு இனி இது தேவையில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வந்திடுவன். அதுவரைக்கும் ஒருத்தரும் கூப்பிட வேண்டாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்க நேரமில்லை. பிள்ளைகளைத் தன் தாய் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள், தம்பி வேலைக்குப் போய்விட்டான். அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

சொன்ன நேரத்துக்குத் தொடங்கவில்லை. உங்களுக்கு முன் ஆட்கள் இருக்கிறார்கள், பொறுத்திருங்கள் என்று திரையில் எழுத்து. பொறுத்திருந்தேன். வேர்த்து ஊற்றினது. கடைசியில் ஒரு குரல் வந்து அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது. நாலு சுவரையும், மேசையின் அடியையும், கூரையையும் காட்டினேன். வாசிக்கும்போது எனக்கு உதடு அசையும், சின்னனிலிருந்து அப்படித்தான். முதற் கேள்வியிலேயே எச்சரிக்கை வந்தது: உதட்டை அசைக்கவேண்டாம், குரல் கேட்டால் சோதனை நிறுத்தப்படும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ஆனால் கேள்விகள் வந்தன. தெரிந்த கேள்விகள்தான். சல்லியையும் மூதூரையும் நினைத்துக்கொண்டு விடையைக் குத்திக்கொண்டு போனேன். சரிவரும் போலிருந்தது. கனகாலத்துக்குப் பிறகு எனக்குள் ஒரு தெம்பு வந்தது.

மத்தியானம் தாண்டியிருக்க வேண்டும். கதவில் மெதுவாக ஒரு தட்டு. "மச்சாள்?"

நான் பேசவில்லை. எப்படிப் பேச? இன்னும் கொஞ்சக் கேள்விதான் இருந்தது.

"மச்சாள், முடிஞ்சுதோ?" பிறகு கொஞ்சம் பலமாக, "மச்சாள், ஓம் எண்டாவது சொல்லுங்கோ."

திரையில் எழுத்து வந்தது: வெளியே சத்தம் கேட்கிறது, பதில் சொல்லவேண்டாம், எழும்பவேண்டாம். நான் கதவைத் திரும்பியும் பார்க்கவில்லை. தட்டுவது இடிப்பதாக மாறினது. அவள் குரல் உடைந்தது. அவள் அழுது நான் கேட்டதேயில்லை, அதனால் அதை அழுகை என்று எனக்குப் பிடிபடவில்லை. இவளுக்கு இப்ப என்ன வந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். பிறகு குசினிப் பக்கம் ஓடுகிற கால்சத்தம். பிறகு மரம் பிளக்கிற சத்தம்.

முதிரைக்கு ஒன்றும் நடக்கவில்லை. புது நிலைதான் பிளந்தது, தாழ்ப்பாள் ஆணியோடு கழன்று விழுந்தது. தேங்காய் உரிக்கிற அலவாங்கோடு மச்சாள் உள்ளே வந்து விழாத குறையாக நின்றாள். அவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. மேலே, மின்விசிறியைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கதிரையில் இருந்த என்னைப் பார்த்தாள்.

திரை வெள்ளையாகிவிட்டது. சோதனை நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்தினேன். வருசக்கணக்காகக் கத்தாததையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "என்ர வேலை போச்சு. உங்களால போச்சு."

"எனக்கோ விசர்?" அவளும் கத்தினாள். "தோட்டையும் சங்கிலியையும் கழட்டி என்ர கையில தந்தீங்கள். சாமிப் படத்தைக் கொண்டந்து தந்தீங்கள். இனித் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போய்ப் பூட்டினீங்கள். கூப்பிட்டா வாய் திறக்கேல்லை. நான் என்னத்தை நினைக்க?" மூடியிருந்த கண்ணாடியை அப்போதுதான் கண்டாள். அலவாங்கைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்தினாள். "ஒபிஸ் மூடுறது எனக்குத் தெரியும். மீன் வாங்கப்போன இடத்தில சொன்னவை. நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு நாளும் உங்கட கோப்பையில சோறு மிஞ்சுறதைக் கொட்டுறது நான்தானே."

சாக நினைத்ததில்லை என்று எந்தக் கோவிலிலும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் நாளைக்கு எழும்பாமல் விட்டால் நல்லது என்று சில இரவு நினைத்ததுண்டு. அது வேறு இது வேறு என்றுதான் அதுவரையும் நினைத்துக்கொண்டிருந்தேன். நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். இரண்டு பேருமாக அழுதோம். குசினியில் பருப்பு அடிப்பிடித்து மணத்தது, ஒருத்தரும் எழும்பிப் போகவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திரும்ப எழுத விட்டார்கள். வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். சோதனையில் சித்தியடைந்தேன், ஆனால் மயிரிழையில். இப்போதைக்கு அடிப்படைச் சோதனையே போதுமாம். புதுத் திட்டத்தில் அதே மேசை, அதே கதிரை. அலுமாரிக்குள் இருக்கிற தாளில் விசேட பாடங்களுக்கான கிழமைகள் இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன. மூன்று வருசத்தில் திரும்பவும் எழுதவேண்டும். நினைத்தால் இப்பவே கண்ணைக் கட்டுகிறது.

சொல்ல வந்தது அதுவல்ல. இரண்டாந்தரம் எழுதுவதற்கு முன் மச்சாளே தச்சரைக் கூப்பிட்டாள். நிலையைத் திருத்தி முடிந்ததும், "கதவிட அடியில ஒரு சாண் அறுத்துவிடுங்கோ" என்றாள். நல்ல முதிரையம்மா, ஏன் பழுதாக்கிறீங்கள் என்று அவர் மனம் நொந்து கேட்டார். அறுத்த பிறகு என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, வெளியே நிலத்தில் இருந்து பார்த்தாள். "ஓம், கால் தெரியுது. இடைக்கிடை ஆட்டுங்கோ" என்றாள். காலை ஆட்டக்கூடாதென்று விதியில் எங்கேயும் இல்லை. நான் முழுக்கத் தேடிப் பார்த்தேன்.

சோதனை அன்று அவள் கதவுக்கு வெளியே நிலத்தில் சுளகோடு வந்து இருந்தாள். நெத்தலிக்குத் தலை கிள்ளினாள், சத்தமில்லாத வேலை. மணம் மட்டும் கதவுக்கு அடியால் வந்தது. பாதிக்கு மேல் போனதும் எனக்கு எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கினது. போதும், விட்டுவிடுவோம் என்று கண்ணை மூடினேன். எவ்வளவு நேரம் மூடியிருந்தேனோ தெரியாது. கதவுக்கு வெளியே சுளகு நகர்ந்தது போலிருந்தது. கண்ணைத் திறந்து மெல்லக் கீழே பார்த்தேன். கதவுக்கு அடியில், நிலத்தோடு நிலமாக, அவளுடைய முகம். நான் கால் பெருவிரலை ஆட்டினேன். முகம் எழும்பிப் போனது, நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.