மைலேஜுக்காகக் குடைந்த சைலன்சர்

டீசல் லாரி ரிப்பேர் தொழிலில் முதுகுவலி பழகிவிடும், கையில் கிரீஸ் பழகிவிடும். "மைலேஜ் வரல மேஸ்திரி" என்கிற பேச்சு மட்டும் முப்பத்தெட்டு வருஷமாகியும் எனக்குப் பழகவில்லை.

ஐயம்பேட்டை போகிற ரோட்டில் என் ஷெட். பக்கத்து ஷெட் பாஷா பாயுடையது. அவர் வயரிங் பார்க்கிறவர். லாரிகளில் புகையைச் சுத்தம் செய்கிற சாமான்கள் வந்ததிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி இல்லை. சாமான் கெட்டுப்போகிறதே என்று இல்லை. அதைக் கழற்றி எறிந்தால் மைலேஜ் ஏறும் என்று ஒவ்வொரு டீக்கடையிலும் ஒருத்தன் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். உங்கள் ஷெட்டுக்கும் ஒரு ஏகாம்பரம் வந்திருப்பான். நான் என்னுடையவனைச் சொல்கிறேன்.

மூட்டை யூரியா

ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்துக்காரன். வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார, இவன் மட்டும் லாரி வாங்கினான். ஒரே லாரி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு லோடு அடிக்கிறான். அந்த கம்பெனியில் ஒரு கண்டிப்பு. எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதி என்று ஆர்டிஓ ஆபீஸ் தருகிற சர்டிபிகேட், தேதி முடிந்த வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் நின்றால் லோடு அடுத்தவனுக்குப் போய்விடும். இவன் வண்டிக்கு எஃப்சி முடிய இரண்டு மாசம் இருந்தபோதுதான் இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்தது.

இந்த வண்டிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று இருக்கும். அதில் கேனில் விற்கிற டெஃப் ஊற்ற வேண்டும். புகையில் இருக்கிற நஞ்சை அது முறிக்கும். அது யூரியாத் தண்ணிதான் என்று எவனோ இவனிடம் சொல்லிவிட்டான். இவன் நெல்லுக்குப் போடுகிற யூரியாவை வாங்கி, தண்ணிக் கேனில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றியிருக்கிறான். வயலுக்கு வருகிற யூரியா வேப்பெண்ணெய் பூசி வருவது. மூன்றாம் நாள் டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை. இன்ஜெக்டரைக் கழற்றினேன். முனையில் கற்கண்டு மாதிரி கட்டிக்கொண்டிருந்தது. ஷெட் முழுக்க வேப்பெண்ணெய் நாற்றம். டேங்கைக் கழுவி, பைப்பைக் கழுவி, இன்ஜெக்டரை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு நாள் வேலை.

"ஏம்பா, கேன் வாங்கினா என்ன?" என்றேன்.

"நெல்லுக்குப் போட்டா பச்சப் பசேல்னு வருது மேஸ்திரி. என் வண்டிக்கு மட்டும் ஏன் ஒத்துக்கமாட்டேங்குது?" என்றான்.

நிற்கிற வண்டி

அடுத்த வாரமே திரும்பவும் வந்தது. ஓட்டி வந்தவர் டிரைவர் மோசஸ். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். அதிகம் பேசமாட்டார். அதனால் எனக்குப் பிடிக்கும்.

இந்த முறை கரி வடிகட்டி. சைலன்சருக்குள்ளே தேன்கூடு மாதிரி ஒன்று இருக்கும். புகையில் வரும் கரியை அதுதான் பிடித்து வைக்கும். கரி நிரம்பினால் வண்டி தானே சூடேறி அதை எரித்துவிடும். ஓடும்போதே எரியும். இவர்கள் வண்டி கம்பெனி கேட்டில் வரிசையில் நிற்பதுதான் அதிகம். அதனால் எரிந்து முடியாது. டேஷ்போர்டில் விளக்கு எரியும். அப்போது வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல், எரிந்து முடிகிற வரை அரை மணிபோல விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. வேண்டாம் என்றால் அந்த எரிப்பை நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு. அவசரத்துக்கு வைத்த சுவிட்ச் அது. விளக்கு எரிந்த ஒவ்வொரு முறையும் மோசஸ் அதை அழுத்தியிருக்கிறார். வடிகட்டி அடைத்துக்கொண்டு எஞ்சின் மூச்சு விட முடியாமல் திணறியது. மைலேஜ் இன்னும் இறங்கியது.

வேலூர் ரோட்டில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் பாதி சரியாகும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்படியே சரியும் ஆனது. போகும்போது மோசஸைத் தனியாகக் கூப்பிட்டு, விஷயம் தெரிந்தவர்தானே, ஏன் அழுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"ஓனர் ஆர்டர் மேஸ்திரி. நிக்கிற வண்டி டீசல் குடிக்கக் கூடாதாம்."

இலவச வைத்தியம்

நான் சரி பண்ணிக் கொடுத்தது ஏகாம்பரத்துக்குப் போதவில்லை. வடிகட்டிதான் எதிரி என்று முடிவு கட்டிவிட்டான். மொத்தத்தையும் எடுத்துவிடு என்றான். முடியாது என்றேன். எஃப்சி கிடைக்காமல் நிற்பாய் என்றேன். சட்டப்படி தப்பு என்றேன். நான் ஒரு நாளில் பேசுகிற பேச்சு முழுவதையும் அவனிடம் பேசிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை.

வெளியூரிலிருந்து ஒருத்தனைக் கூட்டி வந்தான். கறுப்புக் கண்ணாடி, கையில் லேப்டாப். என் ஷெட்டில் இடம் தரமாட்டேன் என்றதும் எதிர் மனையில் வண்டியை நிறுத்தினார்கள். சைலன்சரை அறுத்து, தேன்கூட்டை உள்ளிருந்து குடைந்து எடுத்து, வெறும் டப்பாவைத் திரும்ப ஒட்டவைத்தான். புகையைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்புகிற வழியில் ஒரு தகட்டை வைத்து அடைத்தான். நீல மூடி டேங்குக்குப் போகிற வயரைப் பிடுங்கினான். பிறகு லேப்டாப்பைச் சொருகி, விளக்கு எதுவும் எரியாதபடி செய்து, எஞ்சினுக்குப் போகிற டீசலையும் கூட்டி வைத்தான். வெட்டுக் கூலி இலவசம். லேப்டாப் வேலைக்கு மட்டும் வாங்கிக்கொண்டான். "எவ்வளவு நல்ல மனுஷன் பாத்தியா மேஸ்திரி" என்று ஏகாம்பரம் என்னிடம் வந்து சொன்னான். குடைந்த தேன்கூட்டை அந்த நல்ல மனுஷன் சாக்கில் போட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதில் பிளாட்டினம் பூச்சு இருக்கும். அதை வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

பாஷா பாய் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார். "இன்னா பெருசு, குப்பைய எவனாச்சும் பின் சீட்ல குந்த வெச்சுக்கினு போவானா?"

அரை கிலோமீட்டர்

பத்து நாள் கழித்து ஏகாம்பரம் கோயில் இட்லியோடு வந்தான். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. லிட்டருக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் ஏறிவிட்டதாம். டேங்கை முழுக்க நிரப்பி, தானே கூட உட்கார்ந்து போய், திரும்ப நிரப்பிப் பார்த்தானாம். ஒரு வாரம் முழுக்க அப்படிச் சோதித்தானாம். "நீ மாட்டேன்னியே" என்றான். இட்லியை வாங்கிக்கொண்டேன். இட்லி என்ன பாவம் செய்தது.

ஆனால் எனக்குக் குடைச்சல். புகைக்கிற வண்டி டீசலை வீணாக்குகிற வண்டி. கறுப்பாகப் போவது எரியாத டீசல். அதில் எப்படி மைலேஜ் ஏறும்? மோசஸ் டயருக்குக் காற்றுப் பிடிக்க வந்தபோது கேட்டேன். அவர் சொன்னதிலிருந்து விஷயம் வெளியே வந்தது. சாதாரண நாளில் ஏகாம்பரம் வீட்டில் இருந்துகொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை போன் அடிப்பான். எங்கே வருகிறாய், இன்னும் எவ்வளவு நேரம், அடுத்த லாரிக்காரன் முந்திவிட்டானாமே. மோசஸ் மிதிப்பார். முந்துவார், பிரேக் போடுவார், திரும்ப மிதிப்பார். அந்த ஒரு வாரம் மட்டும் போன் அடிக்கிறவன் பக்கத்து சீட்டில் இருந்தான். அவனுக்கு வேகம் என்றால் பயம்.

"ஐம்பதத் தாண்டினா கண்ண மூடிக்கினு குமரக்கோட்டத்து முருகான்றாரு மேஸ்திரி. நான் எங்க மிதிக்கறது?" என்றார் மோசஸ்.

இதை ஏகாம்பரத்திடம் நானே சொன்னேன். சிரித்தான். பொறாமை என்று நினைத்துக்கொண்டான்.

கஞ்சி ஈரம்

பிள்ளையார்பாளையத்தில் காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். புடவைக்கான நீளவாட்டுப் பட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, வெயில் ஏறும் முன் காய வைப்பார்கள். அந்த நேரத்தில் தெருவில் சைக்கிள்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகும். லாரியை அங்கே கொண்டுவருகிற வழக்கமே இல்லை. அன்றைக்கு ஏகாம்பரம் கொண்டுவரச் சொன்னான். வண்டிக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைக்க வேண்டுமாம். மைலேஜ் ஏறியதற்கு.

தேங்காய் உடைத்தாயிற்று. மோசஸ் ஸ்டார்ட் பண்ணினார். பின்பக்கம் பாவு இருக்குது, தள்ளி எடுத்துக்கிறேன் என்று அவர் சொல்லியும், "ஒரு தரம் நல்லா உறுமவுடு, சவுண்டப் பாக்கட்டும்" என்றானாம் ஏகாம்பரம். உறுமியது. தார்ச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி கறும்புகை. பின்னால் நீட்டியிருந்தது சந்தன நிறப் பாவு, கல்யாணப் புடவைக்கு. கஞ்சி ஈரம் காயவில்லை. கரி அப்படியே ஒட்டிக்கொண்டது. தட்டினால் ஈஷுகிறது, துடைத்தால் பரவுகிறது. பாவு யாருடையது என்றால், அவன் கூடப் பிறந்த தங்கை கமலாவுடையது. அந்தப் பாவை அப்புறம் அரக்கு நிறத்தில் முக்கித்தான் எடுத்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சண்டை வரும் என்று தெருவே கூடியதாம். கமலா கத்தவில்லையாம். பாவை ஒரு முறை தடவி, கறுத்த உள்ளங்கையை அண்ணன் முகத்துக்கு நேரே காட்டினாளாம். "அண்ணா, நீ மிச்சம் புடிச்ச டீசல் எல்லாம் இங்கதான் இருக்குது. வழிச்சு எடுத்துக்கினு போ."

புகை டெஸ்ட்

எஃப்சிக்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்கு முன் புகை சர்டிபிகேட் வேண்டும். பங்க் ஓரத்தில் வேனில் மெஷின் வைத்திருக்கிறவரிடம் போனார்கள். அவர் குழாயைச் சொருகி, மிதிக்கச் சொன்னார். ஒரு மிதிதான். மெஷினைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். ஏகாம்பரம் எதையோ நீட்டிப் பார்த்திருக்கிறான். அவர் வாங்கவில்லை.

"இதுக்கு நான் சர்டிபிகேட் குடுத்தா, நாளைக்கு செங்கல் சூளைக்காரனும் வந்து கேப்பான் சார்" என்றாராம்.

கழற்றியது எளிது

அன்றைக்கு மத்தியானம் என் ஷெட்டுக்கு வந்தான். மாலை காய்ந்து இன்னும் வண்டியிலேயே தொங்கியது. லேப்டாப்காரன் போன் எடுக்கவில்லை. கம்பெனியில் இவன் இடத்துக்கு இன்னொருத்தன் இப்போதே கேட் பாஸ் விசாரித்துக்கொண்டிருக்கிறான். ஒரே லாரி நின்றால் இவன் நின்றான். மோசஸும் நின்றார். நான் அதைப் பார்த்துத்தான் வேலையை எடுத்தேன். இவனைப் பார்த்து இல்லை.

புது வடிகட்டிக்குச் சொல்லி வரவழைக்க நாள் இல்லை. நானும் பாஷா பாயும் மூன்று நாள் ஸ்கிராப் மார்க்கெட்டில் அலைந்தோம். முன்பக்கம் நசுங்கிய லாரி ஒன்றில், பின்பக்கம் முழுசாக, தேன்கூடு அப்படியே கிடைத்தது. மாட்டினேன். தகட்டை எடுத்தேன். பாஷா பாய் பிடுங்கிய வயர்களைத் திரும்பக் கோத்தார். பழைய புரோகிராமை ஏற்ற வண்டியைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். அங்கே ஏகாம்பரத்தைத் திட்டியதாகக் கேள்வி. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. கேன் டெஃப் ஊற்றச் சொன்னேன். கடைசியாக ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு மாசத்துக்கு மோசஸுக்குப் போன் அடிக்கக் கூடாது. வாக்குக் கொடு, இல்லாவிட்டால் ஸ்பேனரைக் கீழே வைக்கிறேன் என்றேன். கொடுத்தான்.

புகை டெஸ்டில் மெஷினுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எஃப்சி ஒரு நாள் மிச்சம் இருக்கும்போது கிடைத்தது. லோடு கைவிட்டுப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து மோசஸ் டேங்க் நிரப்பிப் பார்த்துச் சொன்னார். எல்லாச் சாமானும் மாட்டியபடியே, குடைந்து எடுத்த வாரத்தில் வந்ததைவிடக் கொஞ்சம் கூடவே வந்திருக்கிறது.

ஏகாம்பரத்திடம் சொன்னேன். இப்போதாவது புரிந்ததா என்றும் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, யோசித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அப்போ அந்த ஸ்கிராப் வடிகட்டில இன்னாமோ ராசி இருக்குது மேஸ்திரி. அதே மாதிரி இன்னொண்ணு மாட்டினா டபுளா வருமா?"

அந்த லாரியில் கழற்றி எறிய வேண்டிய சாமான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது ஓனர் கையிலிருந்த செல்போன்.